பாதித் தொட்டி

கொச்சியில் ஏறிய மூன்றாம் மணி
என் பெயரைச் சுருக்கினார்கள்.
அடைக்கலமேரி என்பது
ஒலிபெருக்கிக்கு நீளமாம்.
கேடட் மேரி என்றார்கள்.
அடைக்கலத்தைக் கரையில் விட்டுவிட்டு
மேரி மட்டும் வாந்தி எடுத்தாள்.

காரைக்குடியிலிருந்து நாங்கள் நாலு பேர்.
கடற்படைப் பிரிவென்று தோளில் எழுதிக்கொண்டு
கடல் பார்க்காதவர்கள்.
ஊருணியில் முழங்கால் தண்ணீரில்
துடுப்புப் போட்டுப் பழகினோம்.
சித்திரையில் அதுவும் வற்ற
படகைச் சேற்றில் நிறுத்தி
உட்கார்ந்த இடத்திலேயே வலித்தோம்.
ஒன், டூ என்பார் சார்.
எருமைகள் எங்களை முந்திப் போயின.

கப்பலில் முதல் ராத்திரி
கேன்வாஸ் ஷூவின் தையலில் ஊசி விட்டு
சிவப்புப் புழுதியை நோண்டி எடுத்தேன்.
பர்மா காலனிப் புழுதி, ஒரு சிட்டிகை.
கடலில் விடலாமென்று மேல்தளம் போனால்
காற்று அதை என் முகத்திலேயே திருப்பி அடித்தது.
உமையாள் சிரித்தாள்.
சிரித்த வாயோடு அவளும் கம்பியைப் பிடித்தாள்.

எலுமிச்சை மோந்து பார் என்றார்கள்.
அடிவானத்தைப் பார் என்றார்கள்.
அது நின்ற இடத்தில் நின்றால்தானே.

மூன்றாம் நாள் கீழ்தளத்தில் வகுப்பு.
நிறைந்த தொட்டி கப்பலுக்கு ஆபத்தா,
காலித் தொட்டியா?
அதிகாரி கேட்டது பாதி இந்தி, பாதி இங்கிலீஷ்.
நிறைந்ததுதான் என்றது முன்வரிசை.
நான் எழுந்தேன்.
கூடவே குடலும் எழுந்தது.
இங்கிலீஷ் மட்டும் எழவில்லை.
டீயைப் பாதி குடித்து
கிளாஸை நீட்டிப் பிடித்து
கழனிவாசல் வளைவில் அப்பா லாரி திரும்புவதுபோல்
ஒரு திருப்புத் திருப்பினேன்.
டீ அவர் சட்டையில்.

வெள்ளைச் சட்டை.

கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும் பேசியது.
பிறகு அவர் கறையைத் தட்டிக்கொண்டே
பலகையில் ஒரு பாதித் தொட்டி வரைந்தார்.
சாயங்காலம் அந்தச் சட்டையைத் துவைத்தது நான்.
காலரைத் தேய்க்கும்போதுதான் உறைத்தது,
மதியத்திலிருந்து வாளியைத் தேடவில்லை.

எட்டாம் ராத்திரி
நாலு நிமிடம் சுக்கான் என் கையில்.
இரண்டு பாகை வலம், என்றது இருட்டில் ஒரு குரல்.
நான் ஏழு போய்விட்டேன்.
கப்பல் உடனே ஒன்றும் செய்யவில்லை.
யோசித்தது.
பிறகு முந்நூறு பேர் தூக்கத்தையும் சேர்த்துக்கொண்டு
மெதுவாகத் திரும்பியது.
இதை ஊரில் யாரிடமும் சொல்ல வரவில்லை.
ரெஜினாள் கேட்டபோது
மீன் குழம்பு நன்றாக இருந்தது என்றேன்.

வந்த மறுநாள் விடியுமுன்
'சவரிமுத்து வாட்டர் சப்ளை'யில் ஏறினேன்.
சம்பைப் பக்கம் போரில் பிடித்த தண்ணீர்,
பன்னிரண்டாயிரம் லிட்டர்.
முத்துப்பட்டணத்துக் கல்யாண வீட்டில் பாதி இறங்கியது.
மீதி கழனிவாசல் தாண்டி.
தொட்டி பாதியானதும் அப்பா பேச மாட்டார்,
கியரை இறக்கிவிடுவார்.
ஆறு வயதிலிருந்து பார்க்கிறேன்.
ஏனென்று கேட்டதில்லை.

வளைவு.
முதுகுக்குப் பின்னால் தண்ணீர்
ஒருபக்கமாய்ப் போய், நின்று, திரும்பி வந்தது.
என் கால்கள் தாமாகவே அகன்று ஊன்றின.
அப்பா கண்ணாடியில் பார்த்தார்,
என்னையா, பின்னால் ஹாரன் அடித்த பஸ்ஸையா, தெரியவில்லை.

தொட்டி மூடியின் கொக்கி போன மாதமே போய்விட்டது.
கயிற்றால் கட்டுவார்: நாலு சுற்று, எட்டு முடிச்சு.
அவிழ்க்கப் பல்லும் வேண்டும், ஸ்க்ரூடிரைவரும் வேண்டும்.
தண்ணீர் விட்டு முடித்ததும்
நானே மேலேறிக் கட்டினேன்.
அவர் ஏறி வந்து இரண்டு தரம் இழுத்தார்.

"என்ன முடிச்சு இது?"
"பௌலைன்."
"பேரு கெடக்கட்டும். அவுக்க வருமா?"
"வரும்."

கட்டைவிரலால் நெம்பினார். வந்தது.
கயிற்றை என் கையில் கொடுத்து
இன்னொரு தரம் கட்டு என்றார்,
இப்போ மெதுவா.